பாதிப் பலகைக் கடை

என் வாப்பாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்தப் பொய்யால் அவர் தமக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பல ஆண்டுகள் வாயில் வைக்கவில்லை. தின்பண்டமோ என்று நினைக்கவேண்டாம், ஒரு மொழி. பிள்ளை விளையாட்டாக எதையோ சொல்லிவிட்டான் என்று என்னை நானே மன்னித்துப் பார்த்தேன். அது விளையாட்டு அல்ல. யோசித்துத்தான் சொன்னேன்.

சென்ற வாரம் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து என் மகன் பேசினான். அங்கே அவனும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் சேர்ந்து மளிகைக்கடை நடத்துகிறார்கள். கடைப் பலகையில் பிரெஞ்சு எழுத்துதான் பெரிதாகத் தெரியவேண்டும் என்பது அந்த மாகாணத்துச் சட்டம். நண்பருக்குக் கோபம். நாட்டுக்கு இரண்டு ஆட்சிமொழி என்று சொல்லிவிட்டு இங்கே மட்டும் ஆங்கிலத்தைப் பொடி எழுத்தாக்கினால் எங்கள் உரிமை என்ன ஆவது என்கிறாராம். என் மகனோ, நாற்புறமும் ஆங்கிலம் சூழ்ந்திருக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் வேலி கட்டாமல் வேறென்ன செய்வார்கள் என்கிறான். இருவரும் பேசி ஒரு வாரம் ஆகிறதாம். “யாரு பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க வாப்பா” என்றான். ஷார்ஜாவில் மகள் வீட்டு சோபாவில் சாய்ந்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஏன் இல்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் துபாயின் தேராவில், அப்ரா படகுகள் வந்து நிற்கும் துறைக்குப் பின்னால், வாப்பாவும் மாமாவும் கூட்டாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். மாமா என்றால் உம்மாவின் தம்பி. வாப்பா காரைக்கால், மாமா நாகப்பட்டினம். இரண்டு ஊருக்கும் நடுவே பேருந்தில் ஒரு கோழித்தூக்கம் போடக்கூட நேரம் பற்றாது. ஆனால் ஓர் ஊரைப் பிரெஞ்சுக்காரனும் மற்றதை ஆங்கிலேயனும் ஆண்டுவிட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் மறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மறக்கவில்லை.

வாப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். இளவயதில் சைகோனில் தம் தகப்பனாரின் துணிக்கடையில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். அவர் குடும்பம் பிரான்ஸ் என்றது. பாரிசைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்திராத வாப்பாவின் பெட்டியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. மாமா ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கனவுகூட ஆங்கிலத்தில்தான் வருகிறது என்பார். “அதான் தூக்கத்துல திக்குறியா?” என்பார் உம்மா.

கடையைச் சற்றுப் பெரிய இடத்துக்கு மாற்றியபோது சண்டை வந்தது. பலகையின் மேல்பாதியில் அரபி இருக்கவேண்டும் என்று பலதியா, அதாவது நகராட்சி, சொல்லிவிட்டது. கீழ்ப்பாதி நம் விருப்பம். மலையாளி பெயின்டர் மேல்பாதியை அழகாக எழுதி முடித்து, ஏணியில் நின்றபடியே கீழே என்ன எழுதவேண்டும் என்று கேட்டார்.

“இங்கிலீஷ்” என்றார் மாமா.

“பிரெஞ்சு” என்றார் வாப்பா.

பெயின்டர் இறங்கி ஒரு சுலைமானி டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினார். முடிவு வரவில்லை. அன்று போனவர் பிறகு தெருவில் எங்களைக் கண்டாலே கையை மட்டும் ஆட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டார். பலகை பாதி காலியாகவே மாதக்கணக்கில் தொங்கியது. ஈரானியரும் பலூச்சிகளும் அதையே அடையாளமாக்கிக்கொண்டார்கள். பாதிப் பலகைக் கடை என்று அவரவர் மொழியில் சொல்லி வழி கேட்டு வந்தார்கள். வந்தவர்களில் ஆங்கிலமோ பிரெஞ்சோ படிக்கத் தெரிந்தவர் அநேகமாக இல்லை. துணியைத் தூக்கிக் காட்டி “கம்?” என்று அரபியில் விலை கேட்பார்கள், பேரம் இந்தியில் நடக்கும்.

“எல்லையில வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டுனா உங்க பிரெஞ்சுக்கு ஒரு டீ கெடைக்குமா மச்சான்?” என்பார் மாமா. “எங்க ஊர்லேர்ந்து உங்க ஊருக்கு சனிக்கிழமையானா கூட்டமா வர்றானுங்களே, எல்லாரும் பிரெஞ்சு படிக்கவா வர்றானுங்க?”

வாப்பா அசரமாட்டார். “ஒங்க வெள்ளைக்காரன் ஒங்களுக்கு என்னத்தக் குடுத்தான்? வரிசையில நிக்கக் கத்துக் குடுத்தான். எங்க ஆளு ஓட்டுக் குடுத்தான்.”

“அந்த ஓட்ட எங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?”

“நாற்காலிய நகத்துங்க, ஆணம் ஆறுது” என்று உம்மா மீன்சட்டியை நடுவில் வைப்பார். “பசிச்சா மட்டும் ரெண்டு பேருக்கும் தமிழ் வந்துடுது.”

எனக்கு இதில் ஒரு கஷ்டம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் வாப்பா எனக்குப் பிரெஞ்சு கற்றுத்தருவார். அந்த நேரத்தில்தான், நாங்கள் மாடியில் குடியிருந்த கடைக் கட்டடத்துக்குப் பின்னால், மணல்வெளியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். நான் வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக “அவுட்! அவுட்!” என்று கேட்கும். இரண்டு ஆண்டுகளில் நான் ஓரளவு பேசக் கற்றுக்கொண்டேன். அதைவிட அதிகமாக அந்த மொழியை வெறுக்கக் கற்றுக்கொண்டேன். பலகையில் பிரெஞ்சு ஏறினால் நான் சாகும்வரை வெள்ளிக்கிழமை இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அடுத்து கடைக்குள் வரும் வெள்ளைக்காரர் எந்த மொழி பேசுகிறாரோ அதுவே பலகைக்கு. உடன்பாடு ஆனதும் வெள்ளைக்காரர்கள் எங்கள் தெருவையே மறந்துபோனார்கள். மாமா காற்று வாங்கப் போவதாகச் சொல்லி அப்ராத் துறையில் போய் நின்றார். ஆங்கிலேயர் யாராவது வழி தவறி வந்தால் பிடித்து வரத்தான். வாப்பா கடை வாசலில் உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு தொப்பிக்கும் “போன்ழூர்” சொன்னார். ஒரு தொப்பி திரும்பிப் பார்த்து “வ அலைக்கும் ஸலாம்” என்றது.

அப்புறம் ஒரு நாள் அவர் வந்தார். உயரமான மனிதர், துறைமுக வேலைக்கு வந்த என்ஜினியர், கூடவே மனைவி. “குட் ஈவினிங், சார்!” என்று மாமா பாய்ந்தார். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மாமாவின் முகம் மலர்ந்து முடிவதற்குள் வாப்பா “போன்ழூர், முசே” என்றார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இரண்டு கைகளாலும் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் கொட்டத் தொடங்கினார்.

அவர் கனடாக்காரர், கியூபெக் மாகாணம். மனைவி வேறு மாகாணம். ஆங்கிலம் மட்டும் பேசுபவர். ஆக, தேர்தல் சமநிலையில் முடிந்தது. மாமா விடவில்லை. பாதிப் பலகையைக் காட்டி முழு வழக்கையும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அத்தர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கள் நாட்டில் இதே சண்டைதான் நாடாளுமன்றத்தில் நடக்கிறது, உங்களுடையது செலவு குறைவு என்றார். பிறகு மனைவியைக் காட்டி, நான் இதில் வாய்திறந்தால் இன்று இரவு உங்கள் கடையில்தான் படுக்கவேண்டும் என்றார்.

வாப்பா அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அந்த மனிதரின் பிரெஞ்சு வாப்பாவுக்குப் பழக்கமில்லாத மாதிரி இருந்தது. சில இடங்களில் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவரும் வாப்பாவிடம் அப்படியே கேட்டார். மாமா அதைக் கவனித்துக்கொண்டார், நானும்தான்.

துணிப் பொட்டலத்தைக் கார் வரை நான் தூக்கிப் போனேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மனிதர் குனிந்து, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் சொன்னார். உன் தகப்பனார் பேசும்போது எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்தது, வேலையிடத்தில் எல்லாம் ஆங்கிலம்தான், வீட்டிலும் ஆங்கிலம்தான், இந்த ஊருக்கு வந்தபிறகு இன்றுதான் வயிறு நிறையப் பேசினேன், மறுபடி வருவேன் என்று அவரிடம் சொல். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

நான் திரும்பியபோது வாப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “என்னவோ சொன்னாரே, என்ன சொன்னாரு?” என்று கேட்டார். அப்படி ஆவலான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. மணல்வெளியிலிருந்து கூச்சல் கேட்டது.

“ரெண்டு பேரும் சிரிச்சாங்க வாப்பா” என்றேன். “நீங்க பேசுற பிரெஞ்சு ஒண்ணும் வெளங்கலைன்னு சொன்னாரு.”

வாப்பா உள்ளே போனார். கலைந்து கிடந்த துணிகளை மடித்து வைத்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

மறுநாள் காலை மாமாவிடம், “பெயின்டரக் கூப்புடு மச்சான். இங்கிலீஷ்லயே எழுதட்டும்” என்றார். மாமா திகைத்துப்போனார். “என்னா மச்சான் இது? சண்டை போடாம குடுத்தா எப்படி?” என்றார். அன்று முழுக்க வாப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாலையில், “ரெண்டுலயும் எழுதிடுவோமே. எழுத்தச் சின்னதாக்குனா எடம் இருக்கு. உங்களுது மேல வரட்டும்” என்றுகூடச் சொன்னார்.

“வேணாம். யாருக்கும் வெளங்காத பாஷைய எதுக்கு எழுதிக்கிட்டு” என்றார் வாப்பா.

ஆங்கிலம் ஏறியது. பாதிப் பலகையைத் தேடி வந்த பலூச்சிகள் சிலர் கடையைக் காணாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள் என்று மாமா புலம்பினார். எனக்கு வெள்ளிக்கிழமை கிடைத்தது. நன்றாகவே ஆடினேன்; அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சில வாரங்கள் கழித்து அந்த மனிதர் சொன்னபடியே வந்தார். மனைவி இல்லாமல் தனியாக, கையில் ஒரு பெட்டி இனிப்போடு. வாசலிலேயே “முசே!” என்று கூப்பிட்டார். வாப்பா எழுந்து நின்று, இந்தியில், “க்யா சாஹியே, ஸாப்?” என்றார், என்ன வேண்டும் என்று. அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். வாப்பா தலையை ஆட்டி, “பிரெஞ்சு மாஃபி” என்றார். மாஃபி என்றால் இல்லை. நான் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த மனிதர் வாப்பாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இனிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வரவே இல்லை. அப்போதாவது நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம்.

அந்தக் கடையில் வாப்பாவை அரபிகள் “ஹிந்தி” என்பார்கள். மற்றவர்கள் “பாய்” என்பார்கள். அவசரக்காரர்கள் விரலைச் சொடுக்குவார்கள். உலகத்தில் ஒரே ஒரு மொழியில்தான் அவரை முசே, அதாவது ஐயா, என்று யாராவது அழைத்தார்கள். பலகையில் ஒரு வரியாவது அந்த மொழி இருக்கட்டும் என்று அவர் ஏன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார் என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். இல்லையென்றால் ஜெயித்த மனிதர் அப்படி வாடியிருக்கமாட்டார்.

நான் சவூதியில் தம்மாமில் வேலைக்குச் சேர்ந்து, மணமாகி, பிள்ளை பெற்று, நாற்பதைத் தாண்டியபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. வாப்பா அப்போது காரைக்காலில் இருந்தார். லீவில் போயிருந்தபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்த ஆளு என்ன சொன்னான்னு சொல்லு” என்றார்.

சொன்னேன்.

“தமிழ்ல வேணாம். அவன் வாயால எப்படிச் சொன்னானோ அப்படிச் சொல்லு.”

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பொருள் மட்டும்தான் என்னிடம் இருந்தது. சொற்கள் கிரிக்கெட்டோடு போய்விட்டன.

“அன்னைக்கு ஒண்ணு சொன்ன, நம்பினேன். இன்னைக்கு ஒண்ணு சொல்ற. எத நம்புறது?” என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். என் லீவு முடியும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

லீவு முடிந்து திரும்பியதும் எனக்குத் துபாய்க்கு மாற்றல் வந்தது. அங்கே ஒரு பிரெஞ்சு மாலை வகுப்பில் சேர்ந்தேன். சுற்றிலும் கனடாவுக்குக் குடியேறப் போகிற இளைஞர்கள். இந்தக் கிழவர் எதற்குப் படிக்கிறார் என்று அவர்களுக்கு ஒரே சந்தேகம். துணைக்கு வந்த என் மகன் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டான். எனக்கு ஒரு பத்தியைச் சரியாகச் சொல்ல இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அதன்பிறகு கிடைத்த லீவில் வாப்பாவின் எதிரே நின்று அந்த மனிதர் சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இங்கிலீஷ்காரன் பேசுற மாதிரி இருக்கு” என்றார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பிறகு அவரே பேசத் தொடங்கினார், பிரெஞ்சில். முதலில் தட்டுத்தடுமாறி, அப்புறம் நிற்காமல். சைகோன் என்று ஒரு முறை கேட்டது, மழை கேட்டது, உம்மாவின் பெயர் கேட்டது. ஓர் இடத்தில் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். கால்பங்குதான் எனக்குப் புரிந்தது. மீதி முக்கால் பங்கு இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அவரும் இல்லை. அன்று நிறுத்திக் கேட்டால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார் என்று பயந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, “புரிஞ்சுதா?” என்றார்.

“வுய், வாப்பா” என்றேன். வுய் என்றால் ஆமாம்.

அந்த ஒரு சொல்லின் உச்சரிப்பு சரியாக இருப்பதாகச் சொன்னார்.