பிரேக் பிடிக்காத வியாழக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மனைவி பதுளை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அவளுக்கு மெசினில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டொக்டர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை தவறிவிட்டது. புறப்படும் நேரத்தில் காரின் பிரேக் மிதி தரைவரை இறங்கிவிட்டது.

வேறு வண்டி இல்லையா என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். மழை வெள்ளம் தேயிலைத் தோட்ட ரோட்டின் நடுவை அரித்துக்கொண்டு போனதிலிருந்து பஸ் வருவதில்லை. ஆட்டோவின் முன்சக்கரம் ஓடுவதோ சரியாக அந்த நடுவில்தான். லொறியில் அவளால் ஏற முடியாது. இரண்டு ஓரத்தையும் பிடித்து இறங்கக்கூடியது தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் என் பழைய கார் ஒன்றுதான்.

மிதியை அமுக்கினால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பண்டாரவளையில் புதிதாக வாங்கி வந்து வியாழக்கிழமை காலை நானே பூட்டினேன். இருபது வருஷம் தோட்டத்து லொறி ஓட்டியவன் பிரேக்குக்காக இன்னொருவனிடம் போய் நிற்பதா என்ற திமிர் எனக்கு உண்டு. பூட்டிவிட்டு மிதித்தேன். பஞ்சை மிதித்த மாதிரி கால் உள்ளே போனது.

குழாயில் காற்று நிற்கிறது, எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து எண்ணெயோடு காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். லயத்து வீடுகளில் எல்லோரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். அவள்தான் வந்து சீட்டில் உட்கார்ந்தாள். செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. வெறுங்காலால் மிதித்தாள்.

நாலு சக்கரத்தையும் மூன்று சுற்று வந்தேன். எங்கேயும் ஒழுகல் இல்லை. நிப்பிளில் ஒரு குமிழ்கூட வரவில்லை. ஆனாலும் மிதி, மூன்று தரம் அடித்தால் மேலே வந்து, கொஞ்சம் பொறுத்து அமுக்கினால் மறுபடி இறங்கியது. கடைக்காரன் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினேன். பண்டாரவளை மெக்கானிக்குக்குப் போன் பண்ணினேன். அடுத்த கிழமை கொண்டுவரச் சொன்னார். அடுத்த கிழமைவரை அவள் இருக்க வேண்டுமே. காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"நீ காலை எடுத்துட்ட. நான் மூடுறதுக்குள்ள எடுத்துட்ட."

"நான் எடுக்கலங்க."

எடுத்தாய் என்று கத்தினேன். பொறுமையாக மிதிக்கக்கூடத் தெரியாதா என்று கேட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். அவள் எனக்காக ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் அசையாமல் படுத்து, தன் இரத்தம் ஓடும் மெசின் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்.

"மெசின் கொழாயில காத்து வந்தா நர்ஸ் அதை மேல தூக்கிப் புடிச்சுத் தட்டுவாங்க. காத்து மேலதானங்க போகும். இந்தக் கார்ல மேல எது?"

எழுந்து நின்று பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் சமதரை ஏது? எல்லோரையும் போல நானும் காரின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது சாய்வாகவே என் கண்ணுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் மூடிய முன்முனைதான் அந்த நிலையில் உயரமான இடம். காற்று அங்கே ஏறி உட்கார்ந்திருந்தது. நான் கீழே சக்கரத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காற்று பின்னால் நகர்ந்து எண்ணெய் டப்பிக்குள் ஏற, காரைத் திருப்பி மூக்கைப் பள்ளத்தைப் பார்க்க நிறுத்த வேண்டும். பிரேக் இல்லாத காரை. ஹேண்ட் பிரேக்கின் கம்பி அறுந்து வருஷமாகிறது. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு ஆட்கள் திரும்பும்வரை காத்திருந்தேன். நாலு பேர் ஆளுக்கொரு கல்லோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். ரிவர்ஸ் கியரில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறக்கி, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் திருப்பி, மூக்கைப் பள்ளப் பக்கத்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன்.

அவள் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்கச் சொன்னேன். மாஸ்டர் சிலிண்டரின் மேலே இருக்கும் எண்ணெய் டப்பியில் ஒரு குமிழ் வந்தது. பிறகு நாலைந்து. பிறகு நிற்காமல் வந்தன. கடைசியில் மிதி பாதியிலேயே கல்லாக நின்றது. கையை உள்ளே விட்டு அமுக்கிப் பார்த்தேன், இறங்கவில்லை. போதும், காலை எடு என்றேன். அவள் எடுக்கவில்லை. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் இறங்கினோம். முதல் முடக்கு வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. பக்கத்தில் பார்த்தால் அவளுடைய வீங்கிய காலும் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்த முடக்கிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தும்வரை என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நேத்து நீ மிதியில இருந்து காலை எடுக்கல" என்றேன்.

"எனக்குத் தெரியுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.