அறையின் அளவு ஜாக்கெட்

கார்பெட் கடைக்குள் நுழைந்ததும் கோதை செருப்பை வாசலில் விட்டாள். கக்கத்தில் இடுக்கியிருந்த தன் அறையை எடுத்து, ஓர் உதறு உதறி, கடைத்தரையில் விரித்தாள். பழைய செய்தித்தாள்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்த அறை அது. பதினோரு அடி அகலம், பதிமூன்று அடி நீளம். கதவு எங்கே, சுவரில் பதித்த பீரோ எங்கே, தூண் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டியிருந்தாள். கடைக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். இல்லாவிட்டால் அவர் கோதையின் ஜன்னலோரத்தில் அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்!

"இது ரூமோட அளவு ஜாக்கெட்டுங்க," என்றாள்.

கோதை கோயமுத்தூர்க்காரி. வயது நாற்பத்திரண்டு. புனேயில் கராடிப் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது தளம். ஒரு படுக்கையறையைத் தையல் அறையாக்கி இரண்டு மோட்டார் மெஷின் போட்டிருக்கிறாள். சந்திரிகாவும் வைஷாலியும் தைப்பார்கள், இவள் வெட்டுவாள். கழுத்தில் தாலிக்குத் துணையாக எப்போதும் ஒரு இஞ்ச் டேப். நம்மோடு பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், தோளைப் பார்ப்பாள். "போன தடவைக்கு ரெண்டு இஞ்சு ஏத்தியிருக்கீங்க," என்று லிஃப்டில் பத்துப் பேர் நடுவே என்னிடம் சொன்னவள்.

அவளிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. தைத்த ஜாக்கெட்டோடு மிச்சத் துணியை ஊசி குத்தித் திருப்பித் தந்துவிடுவாள். உள்ளங்கை அகலத் துண்டானாலும் சரி. "அது உங்க துணிங்க. நான் வெச்சுட்டு என்ன பண்ண?"

இப்படிப்பட்டவளுக்குத்தான் எங்கள் குடியிருப்போர் சங்கமான சொசைட்டி கெடு வைத்திருந்தது. கீழ்வீட்டு சூர்யநாராயணன் இரவெல்லாம் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் தலைக்கு மேலே நாள் முழுக்க மெஷின் தடதடத்தால் எப்படித் தூங்குவார்? பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. ஒன்றாம் தேதிக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் மெஷின்கள் வெளியேற வேண்டும். கராடியில் கடை வாடகை கொடுத்தால் தைத்த காசு முழுக்க அதற்கே சரியாகிவிடும். சந்திரிகாவையும் வைஷாலியையும் அனுப்பிவிட வேண்டியதுதான். தீபாவளிக்கு வந்த எழுபது ஜாக்கெட் துணி வேறு குவிந்து கிடந்தது. சுவருக்குச் சுவர் கார்பெட், அடியில் கனத்த ஃபோம். அதுதான் ஒரே வழி.

நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். நான்கிலும் அறையைப் பார்க்காமலே நூற்றெண்பது சதுர அடி என்றார்கள். கோதையின் இந்தி என்பது கோயமுத்தூர்த் தமிழுக்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு 'பையா', பின்னால் சரிக்கு ஒரு 'டீக் ஹை'. "பையா, பீரோவுக்கு அடியில எதுக்கு கார்பெட்டு? பீரோ நடக்குதா?" என்று அவள் கேட்டதும் நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானா? என் வீட்டுத் திரைச்சீலைக்குக் கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு வந்தவள். என்னைப் பார்த்து என்ன பயன்!

ஐந்தாவது கடை கசார்வாடியில். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாரே, அவர்தான் அச்சுதன். பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரிந்தவர். கார்பெட்டை விற்று, தானே வந்து பொருத்தியும் கொடுப்பவர். பன்னிரண்டடி அகலச் சுருளை உருட்டி விட்டு, அவரும் பதினைந்தடி நீளம், நூற்றெண்பது சதுர அடி என்றார். கோதை தன் காகித அறையை அதன்மேல் பரப்பி, நான்கு மூலையிலும் முட்டி போட்டு நீவினாள்.

"பதிமூணடி வெட்டினா போதும். பதினஞ்சு எதுக்குங்க?"

"சுவர் நேரா இருக்காது அம்மா. ஓரம் விட்டுத்தான் வெட்டணும்."

"என்ற சுவத்துக் கோணலெல்லாம் பேப்பர்லயே இருக்குது, பாருங்க."

அச்சுதன் குனிந்தார். காகிதத்தின் ஓரம் ஒரு பக்கம் லேசாக வளைந்து போவதை விரலால் தடவிப் பார்த்தார். சிரித்துவிட்டார்! "சரி, அரை அடியாவது விடுங்கோ. இழுத்துப் பிடிச்சு அடிக்கணும்."

"தையலுக்கு விடறதுங்களா? அது நியாயந்தானுங்க. ஆனா மிச்சம் விழுகற பிட்டெல்லாம் எனக்கு."

பதிமூன்றரை அடி என்று முடிவாகி, நூற்றெண்பது நூற்று அறுபத்திரண்டாயிற்று. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் மிச்சம். எனக்குக் கடையிலேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது. கோதை காகிதத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

பொருத்திய நாளன்று நானும் போய் நின்றேன். அப்பா, என்ன கச்சிதம்! தூண் மூலையில்கூட ஒரு சுருக்கம் இல்லை. பிட்டுகளை அச்சுதனே கட்டி ஓரமாக வைத்தார். மெஷின்களைத் தூக்கி வைத்தார்கள். சந்திரிகா கதவைச் சாத்தப் போனாள். கதவு பாதியில் நின்றுவிட்டது.

காகிதத்துக்குக் கனம் கிடையாது. ஃபோமும் கார்பெட்டும் சேர்ந்து தரை முக்கால் அங்குலம் உயர்ந்திருந்தது. அறையை அத்தனை அளந்தவள் அதை அளக்கவில்லை. கதவு சாத்தாவிட்டால் சத்தம் ஹாலுக்கு வந்து படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும்.

"கதவைக் கழற்றி அடியில இழைக்கணும். எண்ணூறு ஆகும்," என்றார் அச்சுதன். எண்ணூறு சொல்லி ஐந்நூறுக்கு இறங்கி வர அவர் தயாராக இருந்தது எனக்கே தெரிந்தது. அடுத்த சண்டைக்கு நான் ஆவலாகச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அளவு எடுத்தது நானுங்க. தப்பு என்னுதுங்க. இழைங்க."

அவ்வளவுதான். அவள் தொழிலில் அதுதான் சட்டம். அளவெடுத்தவள் பிழை செய்தால் பிரித்துத் தைப்பது அவள் செலவு. அச்சுதன் என்னவோ ஏமாந்து போனவர் மாதிரி இழைப்புளியைத் தேடினார். ஒரு மணி நேரம் கழித்து எண்ணூறையும் வாங்கிக்கொண்டு, கதவை இரண்டு முறை தானே ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சோதனை. சூர்யநாராயணனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். சந்திரிகாவும் வைஷாலியும் உள்ளே இரண்டு மெஷினையும் முழு வேகத்தில் ஓட்டினார்கள். கோதை கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்து, அவரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். ஐந்து நிமிடமாக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார் சூர்யநாராயணன், கொட்டாவியோடு. "உங்களுக்காகத்தான் தூங்காம முழிச்சுக்கிட்டிருக்கேன். சீக்கிரம் ஓட்டுங்க."

கோதை போனோடு விறுவிறுவென்று நடந்துபோய்க் கதவைத் தள்ளினாள். உரசாமல் திறந்தது. போன் பிடித்த கையை அறைக்குள், தடதடத்துக்கொண்டிருந்த மெஷின்கள் பக்கம் நீட்டினாள்.