திராட்சை வாங்க வந்தவர்கள்

என் தம்பியைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தவள் நான்தான். ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தல். அப்பா அம்மா போனபின் நானும் அவனும்தான். மூன்று மாதமாக அவனுக்குத் தூக்கமே இல்லை. போலீஸ்காரர்கள் மாறுவேஷம் போட்டுத் தன்னைப் பிடிக்க வருகிறார்கள், துப்புக் கொடுப்பது பக்கத்துத் தோட்டக்காரர் என்பான். அவரோ வாயில்லாப் பூச்சி. டாக்டரைப் பார்ப்போம் என்றால் என்னை முறைப்பான். ஒரு நாள் அரிவாளைத் தீட்டிக்கொண்டே, "அந்தாளை வெட்டிட்டா எல்லாம் சரியாகிரும்க்கா" என்றான், உரம் வைக்கணும் என்று சொல்கிற குரலில்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். எஸ்.ஐ. நல்ல மனுஷன். "வெட்டுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்மா. பிறத்தியாருக்கு ஆபத்துன்னா நாங்களே கூட்டிட்டுப் போயி, ஒரு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட ஒப்படைக்கலாம். சட்டம் இருக்கு. கேஸெல்லாம் இல்ல" என்றார். நான்தான் புத்தி கெட்டுப்போய், "யூனிபாரத்தைப் பாத்தா அரிவாளை எடுத்துருவான் சார். மப்டில வாங்க, யாவாரின்னு சொல்லிக்கிறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேர் வேட்டி கட்டி வந்தார்கள்.

"யாருக்கா இவுக?"

"கம்பத்து யாவாரிகடா."

நான் சொன்னதால் நம்பினான். அரிவாளைப் பந்தல் கல்தூணில் சாத்திவிட்டு, நல்ல கொத்தாகப் பார்த்துக் கத்தரித்து, குழாயில் கழுவி நீட்டினான். "தின்னு பாருங்க. மருந்தடிச்சு நாளாச்சு." நீட்டிய கையை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அடிக்கவில்லை, அவனும் திமிறவில்லை. ஜீப்பில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "நான்தான் சொன்னேன்லக்கா" என்றான்.

தேனி ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது மாத்திரை போடுகிறான், தூங்குகிறான். பக்கத்துத் தோட்டக்காரர் உயிரோடு இருக்கிறார். தம்பி ஜெயிலில் இல்லை. நான் செய்தது சரிதான், அதை யாரிடமும் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியதில்லை. ஆனால் டாக்டர், "வேஷம் போட்டு யாரும் வரலை, அது நோய் காட்டின பயம்னு நீங்க எடுத்துச் சொல்லணும்" என்றாரே, அதை எந்த வாயால் சொல்ல? மப்டி விஷயத்தை அவரிடம் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். பேச்சில்லை. தட்டில் சோறு போட்டால் தின்கிறான், தண்ணீர் வேண்டுமென்றால் அவனே எழுந்து போய் மொண்டுகொள்கிறான். ஒண்டியாக இருந்திருந்தால்கூட இப்படி வலிக்காது.

போன வாரம் நிஜமான வியாபாரிகள் வந்தார்கள். உள்ளே போய், "கம்பத்துலருந்து யாவாரிக வந்திருக்காக" என்றேன்.

அவன் எழுந்து சட்டையைப் போட்டான். மாற்றுத்துணியையும் மாத்திரை டப்பாவையும் ஒரு பையில் வைத்தான். வாசலுக்கு வந்து, "போலாம்க்கா" என்றான்.