தேவகியின் காலில் என் பூட்ஸ்

முழங்காலுக்குள் காய்ந்த குச்சி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. 1991 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து நேராக மைதானத்துக்கு வந்திருந்தேன். மைதானம் என்றால், மண்ணூர் ஏரியில் தண்ணீர் வற்றிய பக்கம். பந்தை வலது புறம் தட்டிவிட்டு இடது காலை ஊன்றித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.

யாரும் என்னை இடிக்கவில்லை. இதே காயம் பட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். இந்தக் காயத்துக்குப் பெரும்பாலும் எதிரி தேவையில்லை. ஆனால் மனம் அதை ஒத்துக்கொள்ளாது, யாரையாவது தேடும். எனக்குக் கிடைத்தவள் தேவகி. அந்த நேரத்தில் அவள் கோட்டுக்கு வெளியே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

வெறுங்காலுக்குக் காரணம் உண்டு. எங்கள் பெண்கள் கால்பந்து அணியில் பதினாறு பேர். பூட்ஸ் பதினொரு ஜோடிதான். ஆட்டத்தின் நடுவே ஒருத்தி வெளியே வந்தால் கோட்டோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவாள், உள்ளே போகிறவள் அதை மாட்டிக்கொள்வாள். அதனால் யாருக்குப் பதில் யார் என்பதைத் திறமை பார்த்து முடிவு செய்ய முடியாது. கால் அளவு பார்த்துத்தான். அதற்கு எங்களுக்குள் பெயர் 'கால் ஜோடி'. என் கால் ஜோடி மணிமங்கலத்துத் தேவகி. நான் வெளியே வந்தால்தான் அவள் உள்ளே போக முடியும். இரண்டு வருடத்தில் நான் வெளியே வந்தது மிகச் சில முறை.

அன்று என்னைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். வீங்கும் முன் பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்று தேவகிதான் கயிற்றை அவிழ்த்தாள். கழற்றியதும் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆட்டம் பாதியில் நின்றிருந்தது, வேறு யாருக்கும் அந்த அளவு பொருந்தாது. அவள் செய்தது சரிதான். ஆனால் அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர். நான் பிளஸ் டூ தேறியிருந்தேன், கல்லூரிக்கு மதிப்பெண் போதவில்லை. மண்ணூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மே மாதக் கடைசியில் சென்னையில் கிளப்புகளுக்கான மாநிலப் போட்டி இருந்தது. அதில் ஆடினால் சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால் அடுத்த வருடம் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. களத்தில் கால் வைத்ததாக நடுவரின் குறிப்பில் ஏற வேண்டும். எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

இவ்வளவு படித்தவள் முதலில் போனது எலும்பு வைத்தியரிடம். வெட்கப்பட்டாலும் சொல்கிறேன். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இருபத்தொரு நாள் கட்டினார். வீக்கம் வடிந்தது, வலி போனது. கட்டைப் பிரித்த நாலாம் நாள் ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் அணிக்குப் பயிற்சி தரும் பி.டி. டீச்சரிடம் போய், "சரியாயிடுச்சு டீச்சர்" என்றேன். டீச்சர் பந்தை உருட்டிவிட்டார். திரும்பினேன், விழுந்தேன். வலி குறைவதும் காயம் ஆறுவதும் வேறு வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு முழங்காலை நான் இரண்டு முறை கெடுத்துக்கொண்டேன்.

டீச்சரிடம் ஒரு அட்டை இருந்தது. அதில் மூன்று கட்டம்: ஆடுபவர், காத்திருப்பவர், காயம். ஒவ்வொருத்தியின் பெயரும் ஒரு சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்தச் சீட்டுகளை நான்தான் எழுதினேன். அன்று டீச்சர் 'மேரி' என்ற சீட்டைப் பிடுங்கி மூன்றாவது கட்டத்தில் குத்தினார். முதல் கட்டத்தில் என் பெயர் இருந்த இடத்தில் 'தேவகி'. அதுவும் என் கையெழுத்துதான்.

சென்னையில் பெரிய அரசு மருத்துவமனைக்கு அம்மா கூட்டிப்போனாள். வராந்தாவில் மாவுக்கட்டு போட்ட காலை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. கட்டு இருந்தால் ஊர் நம்பும். எனக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு நல்லாத்தாம்மா இருக்கு."

"அப்போ ஏன் டாக்டர் நழுவுது?"

என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கீழ்க்காலை இரண்டு கையாலும் முன்னால் இழுத்தார். மேசை இழுப்பறை போல அது வந்தது. நானே பார்த்தேன். முன் குறுக்கு நார் (முழங்காலுக்குள் குறுக்காக ஓடி, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது) அறுந்திருக்கிறது என்றார். நார் எக்ஸ்ரேயில் தெரியாது.

அம்மா கேட்டாள்: "அது தானா ஒட்டிக்காதா சாமி?"

"ஒட்டாதும்மா. ஆபரேஷன் பண்ணலாம். ஒரு வருஷம் ஆட முடியாது, அப்புறமும் உறுதி சொல்ல மாட்டேன். இல்ல, தசையப் பலப்படுத்திக்கிட்டா அன்றாட வேலைக்குச் சமாளிக்கலாம்."

"நான் ஆடணும் டாக்டர்."

"நேரா ஓடலாம். திடீர்னு திரும்பக் கூடாது."

"திரும்பாம ஃபுட்பால் எப்படி டாக்டர் ஆடறது?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்று அடுத்த சீட்டை எடுத்தார்.

கம்பெனியில் லீவு கேட்டபோது சூப்பர்வைசர் சிரித்தார். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு நீதானம்மா சொன்ன? வந்து லைன்ல நில்லு." நின்றேன். எட்டு மணி நேரம்.

அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்றது எல்லோருக்கும் தெரியும். கடைகள் மூடின, பஸ் நின்றது, சாலை முழுக்கப் போலீஸ். வீட்டுக்கு வீடு ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். ஒரு வாரம் கழித்து, போட்டியைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எனக்குள் முதலில் வந்தது மகிழ்ச்சி. நாலு மாதம் கிடைத்தது, தேவகி இன்னும் எனக்குப் பதிலாகச் சென்னைக்குப் போய்விடவில்லை. அந்த நாளில் அப்படி மகிழ்ந்தவர்கள் எங்கள் ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். உடம்பு கெட்டுப்போனால் மனது எவ்வளவு சின்னதாகும் என்று நோயாளிகள் யாரும் எழுதுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் முதல் பிசியோதெரபி (பயிற்சி மூலம் தரும் சிகிச்சை). மருத்துவமனையில் ஒரு நாள் சொல்லித்தருவார்கள், மீதி வீட்டில். கணுக்காலில் மணல் பை கட்டி, நீட்டிய காலைத் தூக்கிப் பத்து எண்ணி இறக்க வேண்டும். காலையில் நூறு, மாலையில் நூறு. குவாட்ரிசெப்ஸ் (தொடையின் முன்பக்கத் தசை) வேலை இல்லாவிட்டால் சீக்கிரம் கரைந்துவிடும். என் இடது தொடை வலதைவிட இரண்டு விரல் மெலிந்திருந்தது. தினமும் ஒரு நூலால் அளந்து முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சு நகரப் பதினேழு நாள் ஆனது.

அந்த மாதங்களில் நான் மனிதர்களைப் பார்க்கவில்லை, முழங்கால்களைத்தான் பார்த்தேன். பஸ்ஸில் ஓடி ஏறுகிறவர்களின் முழங்கால், குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறவர்களின் முழங்கால். ஒருநாள் அம்மா அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். ஒரே மூச்சில் எழுந்து, தண்ணீர் எடுத்து, மறுபடி குந்தினாள்.

"இன்னாடி மொறச்சிகினு கீற?"

"ஒண்ணுமில்ல."

"எங்காலயா பாக்குற? வேணும்னா கழட்டி எடுத்துக்கோ. நான் சும்மா குந்திகினு இருக்கேன், நீ போய் தண்ணி புடிச்சாந்து ஊத்து."

சிரித்தேன். ஆனால் உண்மையில் அந்தக் கணத்தில் அம்மாவின் முழங்கால் மேல் எனக்குப் பொறாமைதான்.

ஜூலையில் தேவகி சைக்கிளில் வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இன்னாடி மேரி, காலு எப்டி கீது?"

"நல்லா இருக்கு. செப்டம்பருக்கு வந்துடுவேன்."

"வா, வா. உன் பூட்ஸ் கட்ட வெரலாண்ட கடிக்குதுடி. ரெண்டு வருஷமா நீ போட்டுப் போட்டு உங்காலு மாரியே ஆயிட்சி."

"அப்போ கழட்டிடு."

அவள் பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு வருஷம் நான் குந்திகினு இருந்தனே, ஒரு நாளாச்சும் 'நீ போய் ஆடு தேவகி'ன்னு சொல்லிகிறியா நீ? அன்னிக்கி உன் முட்டில சத்தம் கேட்டுச்சு பாரு, வெளிய இருந்த எனுக்கே கேட்டுது. மொதல்ல பயந்தேன். அப்பால இன்னா நெனச்சேன் தெரிமா? இன்னிக்கி ஆடலாம்னு நெனச்சேன். போதுமா?"

பழத்தை வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அவள் எழுந்து சைக்கிளைத் திருப்பிய வேகத்தைப் பார்த்ததும் அந்த ஆறுதலும் போய்விட்டது.

ஆகஸ்டில் டீச்சர் என்னைச் சோதித்தார். இரண்டு கல் வைத்து, நடுவில் எட்டுப் போட்டு ஓடச் சொன்னார். கால் வலதுபுறம் திரும்பியது. இடதுபுறம் திரும்பும்போது உள்ளே வழுக்கியது. விழவில்லை. டீச்சர் நெடுநேரம் பார்த்துவிட்டு என் சீட்டைக் 'காயம்' கட்டத்திலிருந்து எடுத்தார். முதல் கட்டத்தில் குத்தவில்லை. 'காத்திருப்பவர்' கட்டத்தில், தேவகிக்கு நேராகக் குத்தினார். "கால் ஜோடி மாறல மேரி. இடம்தான் மாறுது" என்றார்.

செப்டம்பரில் சென்னைக்குப் போனோம். முதல் ஆட்டம் வென்றோம். முழு ஆட்டமும் நான் கோட்டுக்கு வெளியே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். தேவகி அடித்த கோலுக்குக் கை தட்டினேன். கை மட்டும்தான் தட்டியது. அவள் எப்போது களைப்பாள் என்று அவள் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் அவளும் இப்படித்தான் என் மூச்சை எண்ணியிருப்பாள்.

இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கிவிட்டோம். தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். முடிய ஆறு நிமிடம் இருந்தது. டீச்சர் என் பக்கம் பார்க்கவே இல்லை. சான்றிதழ் போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். அப்போது கோட்டோரம் தேவகி காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

"கெண்டக்காலு புட்சிகிச்சி டீச்சர்! முடியல!"

அவளே நொண்டி நொண்டி வெளியே வந்தாள். என் முன்னால் காலை நீட்டினாள். கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். இடது கையால் அவள் கெண்டைக்காலைத் தாங்கிப் பிடித்தேன்.

ஜூன் முதல் தினமும் என் தசையைத் தொட்டுப் பார்த்தவள் நான். பிடித்துக்கொண்ட தசை கல் மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் குழியாது. தேவகியின் கெண்டைக்கால் பிசைந்த மாவு போல என் உள்ளங்கையில் தளர்ந்து கிடந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி பாத்துகினு கீற? சீக்கிரம் மாட்டு" என்றாள்.

பூட்ஸ் சூடாக இருந்தது. என் காலுக்குப் பொருந்தவில்லை. கட்டை விரல் பக்கம் தளர்ந்து, குதிகால் பக்கம் இறுகியிருந்தது. அது அவள் காலாக மாறிவிட்டிருந்தது.

"கோட்டோரமாவே நில்லு. நேரா மட்டும் ஓடு. திரும்பாத" என்றார் டீச்சர். நடுவர் என் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஆறு நிமிடத்தில் பந்து என்னிடம் ஒரே ஒரு முறை வந்தது. பழைய மேரியாக இருந்தால் திரும்பியிருப்பேன். நேராக ஓடி, நேராக உதைத்தேன். அது கோட்டைத் தாண்டிப் போயிற்று. அவ்வளவுதான் என் மாநிலப் போட்டி.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "இப்ப கால் எப்படி இருக்கு?"

"வலி உயிர் போவுது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றுவரை அதையே சொல்கிறாள்.

தேவகி எட்டாவதோடு நின்றவள், சான்றிதழ் அவளுக்குப் பயன்படாது, அதனால்தான் விட்டுக்கொடுத்தாள் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறாமை அப்படித்தான் கணக்குப் போடும். அவள் கொடுத்தது ஆறு நிமிட ஆட்டம். காத்திருந்தவளுக்கு ஆறு நிமிடம் எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியும். பெரிய மனதிலும் அவள் என்னை முந்திவிட்டாள். அதற்கும் சேர்த்து அவள் மேல் பொறாமைப்படுகிறேன்.

இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். தொடையில் ஒரு விரல் வித்தியாசம் இன்னும் இருக்கிறது, அது போகாது என்கிறார்கள். ஆபரேஷன் பற்றிப் படிப்பு முடிந்து யோசிக்கலாம் என்றிருக்கிறேன். படி இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று யோசிக்கிறேன். முன்பெல்லாம் உடம்பு எனக்கு முன்னால் ஓடும். இப்போது நான் சொன்ன பிறகு, கொஞ்சம் பொறுத்துத்தான் நகர்கிறது.

யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டேன். காலை எடுத்து எடுத்து வைத்து, நாலு எட்டில் முழு உடம்போடு திரும்புவேன். சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகும்போது படப்பை பஸ் நிறுத்தத்தில் சில சமயம், "மேரீ!" என்று ஒரு குரல் கேட்கும். பயிற்சி முடித்து, தோளில் பூட்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு தேவகி நிற்பாள். அந்த நாலு எட்டுக்குள் என் முகத்தைச் சரிசெய்துகொள்ள எனக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.