சமையற்காரர் செல்லையா கொலை செய்யவில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கனகரத்தினம் ஐயாவின் மகள் வதனி ஒனிஹங்காவிலுள்ள வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா விடியக்காலமை போயிட்டார், அங்கிள். பென்சிலை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்." என்ன பென்சில் என்று நான் கேட்கவில்லை.

ஆக்லாந்தில் நீங்கள் அவரை வெள்ளிக்கிழமைப் பூசைகளில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகம் பேசாத முதியவராக அறிந்திருப்பீர்கள். அரை நூற்றாண்டாக வாசிக்கப்படும் ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலை எழுதியவர் அவர். அட்டையில் இருப்பது பதிப்பாளர் சூட்டிய வெள்ளைக்காரப் பெயர்.

இதை நான் அறிந்தது எங்கள் பகுதி நூலகத்தில். அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் 'சமையற்காரன்' என்று வருமிடமெல்லாம் அவர் பென்சிலால் வெட்டி 'துரை' என்று எழுதியிருந்தார். நூலகர் கண்டுபிடித்துவிட்டார். வதனி கூசிப்போய் நின்றாள்.

"லைப்ரரிப் புத்தகத்தில கிறுக்கலாமே, அப்பா?"

"கிறுக்கேல்லை, பிள்ளை. பிழை திருத்தினனான்."

"பேனையால எழுதாமல் விட்டியளே, அதுவே பெரிய காரியம்."

"புத்தகம் அவையின்ரை. பிழைதான் என்ரை."

திரும்பும் வழியில் என்னிடம் விவரம் சொன்னார். அவருடைய தந்தை செல்லையா, கொழும்பில் ஒரு துரையின் பங்களாவில் சமைத்தவர். நாவலின் சமையற்காரருக்கு மகன் அந்தப் பெயரையே வைத்தார். அவர் எழுதியதில் கொலைகாரன் துரை. துரை கொலைகாரனானால் புத்தகம் விலைபோகாது, சமையற்காரனை ஆக்குக என்று லண்டனிலிருந்து கடிதம் வந்தது. இருபத்திரண்டு வயதில், மாற்றி எழுதிக் கொடுத்தார்.

ஆங்கிலம் அறியாத தந்தை அச்சான புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாராம்: "முடிவில எனக்கு என்ன நடக்குது, ராசா?"

"நீங்கள்தான் கொலைகாரனைப் பிடிக்கிறியள், அப்பு."

சாகும்வரை அதை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார் அந்த மனிதர்.

கறைபட்ட பிரதியை நூலகம் பிறகு ஐயாவிடமே கொடுத்துவிட்டது. அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்த தவணைத்தாளை எனக்குக் காட்டினார். இரவல் போன ஒவ்வொரு முறைக்கும் ஒரு திகதி முத்திரை. "ஒவ்வொருத்தர் வாசிச்சு முடிக்கேக்கையும் அப்புவைத் தூக்கில போடுறாங்கள், தம்பி. திகதியும் போட்டு வைச்சிருக்கிறாங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அதன்பின் எந்த நூலகத்திலும் அந்தத் தாளை நான் திருப்பிப் பார்த்ததில்லை.

இவ்வாண்டு அதே பதிப்பகம் அந்நாவலை ஒரு செவ்வியல் படைப்பாக மறுபடி வெளியிடுவதாக அறிந்தோம். "சாக முதல் அப்புவை இறக்கிப்போட வேணும்" என்றார். பழைய முடிவின் தட்டச்சுப் பிரதியை இணைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். பதில் தகனத்துக்கு மறுநாள் வந்தது. கொலைகாரன் சமையற்காரன் என்பதே நாவலின் தனிச்சிறப்பு என்று விமர்சகர்கள் கருதுவதால் மாற்றத்துக்கு இடமில்லையாம். மிகுந்த மரியாதையுடன் எழுதப்பட்ட கடிதம். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

பென்சிலோடு வதனி அந்தப் பிரதியையும் தந்தாள். கடைசி வரியில் மட்டும் திருத்தமில்லை. 'செல்லையா தூக்கிலிடப்பட்டான்.' தந்தையின் பெயர்மேல் கோடு போட அவருக்குக் கை வரவில்லை. நானும் பெயரைத் தொடவில்லை. மற்றச் சொல்லை மையால் அடித்தேன்.

பென்சில் என் மேசையில் இருக்கிறது. அழிக்கக்கூடிய எதையும் இனி நான் எழுதுவதாக இல்லை.