ஜேர்மன்காரர் எடுத்துக்கொண்டு போனவை

அந்த வெள்ளை ரேடியோவை இன்றைக்கும் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தது சித்திதான். அப்போது அவ எங்களோடு டென்மார்க்கில், புரொண்பியில் இருந்து, பொருள்களை வடிவமைக்கிற படிப்புப் படித்துக்கொண்டிருந்தா. பழைய சாமான் கடையில் கண்டாவாம்.

அதை வரைந்தவர் ஒரு ஜேர்மன்காரர். ஆயுள் முழுக்க ஒரே கொம்பனியில் ரேடியோ, மணிக்கூடு, சவர மெஷின் என்று வரைந்தவராம். எங்கள் கையில் இருக்கிற டெலிபோன்கூட அவர் வரைந்ததைப் பார்த்துச் செய்ததுதானாம். அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒண்டுமே இல்லையே?"

"அதுதான் அத்தான் அவற்ற கெட்டித்தனம். தேவையில்லாததை எல்லாம் எடுத்துப்போடுவார்."

எனக்கு ஆறு வயது. யாருடைய வீட்டிலிருந்து எடுப்பார் என்று கேட்க வாய் வரவில்லை.

ஊரில், இலங்கையில், சண்டை முடியப்போகிற காலம் அது. அம்மாவுக்கும் சித்திக்கும் இருந்த ஒரே தம்பி, என் மாமா, வன்னியில் அகப்பட்டிருந்தார். ஞாயிறுகளில் வருகிற அவருடைய டெலிபோன் முதலில் நின்றது. பிறகு அப்பாவின் பகிடியும் சிரிப்பும். பிறகு வீட்டில் ஒருவரும் பாட்டுப் போடுவதில்லை, சித்தி படிக்கப் போவதில்லை. ஒவ்வொன்றாக அந்த ஜேர்மன் ஆள்தான் எடுக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பெட்டியின் முகத்தில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! செய்தி பிடிக்க அம்மா அதை முடுக்கினால் வெறும் இரைச்சல்தான் வரும். அதில் காதை வைத்து, "தம்பி கதைக்கிறான்" என்பா. அப்பாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஐயோ, எனக்கு மூத்திரம் முட்டும்.

ஒருநாள் பள்ளியால் வந்து பார்த்தால், ஷோகேசில் இருந்த மாமாவின் படத்தைக் காணவில்லை. சைக்கிளில் சாய்ந்து நின்று சிரிக்கிற படம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஆளில்லாத வரவேற்பறையில் அது சூடாக இருந்தது. ஒருவருக்கும் மூச்சு விடாமல் போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

இரண்டொரு நாளில் படம் திரும்பி வந்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டியிருந்தார்கள். மாலை வேறு, கீழே சின்னச் சிவப்பு லைற் வேறு. எங்கள் வீட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் மட்டும் கிடைக்கிற மரியாதை! வீடு நிறைய ஆட்கள். எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அம்மாவின் மடியில் விழுந்தேன். அவசரத்தில் டேனிஷ்தான் வந்தது.

"அம்மா, ஜேர்மன்காரர் மாமாவைத் திருப்பித் தந்திட்டார்!"

அங்கிருந்த பாதிப் பேருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொல்லி என்னை இறுக்கிப் பிடித்தா. நோகுது என்று சொல்லியும் ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.