எண்ணூறு மீற்றருக்கு நான் எழுதாத பெயர்

பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து எங்கள் பாடசாலை நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீற்றர் ஓட்டத்துக்கு ஓர் இல்லத்திலிருந்து இரண்டு பேர்தான் ஓடலாம். யார் அந்த இரண்டு பேர் என்று எழுதிக் கொடுப்பது இல்லத் தலைவியின் வேலை. அந்த வருடம் தலைவி நான். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்குக் கடைசிப் போட்டி. அதுவரை ஒரு தடவைகூட முதலாமிடம் வந்ததில்லை. இந்த முறையாவது வந்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தவள் மாதிரி ஓடிப் பழகினேன்.

எங்கள் இல்லத்தில் இன்னொருத்தியும் எண்ணூறு ஓடுவாள், பத்தாம் வகுப்பு. அச்சுவேலியிலிருந்து பஸ்ஸில் வருவாள். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. சின்ன வயதில், சண்டை நேரம் வன்னியில் இருந்தபோது போனது. அதைப் பற்றி அவளும் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. சட்டையின் அந்தக் கையை மடித்து ஊசி குத்திவிட்டு வெறுங்காலோடு ஓடுவாள். பழகும்போது முதல் சுற்றில் எனக்குப் பின்னால் சும்மா வந்தவள், இரண்டாம் சுற்றில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாளும் தாண்டினாள். ஒவ்வொரு நாளும் வயிற்றையா சாட்டுவது?

இரண்டு பேரும் ஓடியிருந்தால் முதலாமிடமும் இரண்டாமிடமும் எங்கள் இல்லத்துக்கே வந்திருக்கும். தலைவிக்கு அது போதாதா? போதவில்லை. எனக்கு இல்லம் வெல்வது பெரிதில்லை, நான் வெல்ல வேண்டும். சீ, இதை எழுதவே கை கூசுகிறது.

போட்டி தொடங்குமுன் ஒரு பிள்ளை தீபம் ஏந்தி மைதானத்தைச் சுற்றி ஓடுவது வழக்கம். பெரிய மரியாதை அது. நானே போய், விளையாட்டுக்குப் பொறுப்பான பி.ரி. ரீச்சரிடம் அவள் பெயரைச் சொன்னேன். ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "உமக்கு நல்ல மனம் பிள்ளை" என்றார். பிறகு அவளிடம் போய்த் தேன் ஒழுகக் கதைத்தேன்.

"நீர்தான் தீபம் கொண்டு ஓடப்போறீர். அதோடை எண்ணூறும் ஓடினால் களைச்சுப் போவீர். அதை வேறை ஆளுக்குக் குடுக்கிறன், என்ன?"

"எனக்குக் களைக்காது அக்கா. நான் ரெண்டும் ஓடுவன்."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை விழுந்தால் ஆருக்கு வெக்கம்? சொல்லுறதைக் கேளும்."

"ஓம் அக்கா" என்றாள். அவளுடைய இடத்துக்கு, எந்த ஓட்டத்திலும் கடைசியாக வருகிற என் சிநேகிதியின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

போட்டியன்று அவள் தீபத்தோடு ஓடி வந்தபோது சனம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. போனில் படம் பிடிக்காத ஆள் இல்லை. அதிபர் ஒலிவாங்கியில் எங்கள் இல்லத்தின் பெருந்தன்மையைப் புகழ்ந்து தள்ளினார். இந்தப் பிள்ளை எந்த ஓட்டம் ஓடுகிறாள் என்று அதில் ஒருவராவது கேட்டாரா? இல்லை. எல்லோருக்கும் அந்த ஒரு சுற்றே போதுமாக இருந்தது.

எண்ணூறு மீற்றரில் நான் முதலாமிடம் வந்தேன். முடிவுக் கோட்டில் குளுக்கோஸ் தண்ணீரோடு நின்றவள் அவள்தான். "வெண்டிட்டியள் அக்கா!" என்று துள்ளினாள். நான் வாங்கிக் குடித்தேன்.

பின்னேரம் சனம் கலைந்த பிறகு, இல்லத்துக் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தோம். அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, எண்ணூறை ஒருக்கா ஓடிப் பாக்கட்டே? உங்கடை போனிலை நேரம் பிடிச்சுச் சொல்லுறியளோ?"

மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மிதிபட்டு அழிந்துகிடந்த சுண்ணாம்புக் கோட்டில் நின்று தொடங்கினாள். பக்கத்தில் ஓட ஆளில்லை, கைதட்டவும் ஆளில்லை. இரண்டு சுற்றும் ஓடி முடித்துவிட்டு, இருக்கிற கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள்.

"எவ்வளவு அக்கா?"

போனைப் பார்த்தேன். என்னுடைய நேரத்தைவிட நான்கு செக்கன் குறைவு. வேறு யாரும் பார்க்கவில்லை. விரலால் அழித்தேன்.

"என்னைவிட அஞ்சு செக்கன் கூட" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப நீங்கள் செய்ததுதான் சரி அக்கா. நான் வீணாய் உங்களிலை கோவமாய் இருந்திட்டன்."

அடுத்த வருடம் அவள் எந்த ஓட்டத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தனக்கு ஓட்டம் சரிவராது என்று சொன்னாளாம். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.